இன்டர்லாக் பிளாக்கில் ஆர்ச்: கேள்வி பதில்

கேள்வி: சுவருக்கு வாங்கிய இன்டர்லாக் பிளாக் (நாக்கும் பள்ளமுமாக ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் கல்) மீதம் இருக்கிறது. அதையே ஆர்ச்சுக்கு வைக்கலாமா?

வேண்டாம். இரண்டு முகமும் இணையாக இருக்கும் கல்லை வளைத்து அடுக்கினால் உள்விளிம்பு மட்டும் முட்டும், வெளிப்பக்கம் வாய் பிளக்கும். ஆர்ச்சுக்கு ஆப்பு வடிவக் கல்தான் வேண்டும்.

கேள்வி: ஆப்பு அளவை எப்படிப் பிடிப்பது?

அரைவட்டம், உள் ஆரம் 1.5 மீட்டர், கல்லின் கனம் 30 செ.மீ. என்றால் உள்வளைவு 4.712 மீ., வெளிவளைவு 5.655 மீ. 25 கல்லாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் உள்ளே 188.5 மி.மீ., வெளியே 226 மி.மீ. எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் பூட்டுக்கல் (ஆர்ச்சை மூடும் கடைசி நடுக்கல்) சரியாக உச்சியில் வரும். கல் வார்க்கும் அச்சில் கல்லுக்கு 1 மி.மீ. கூடினாலும் மொத்தத்தில் 25 மி.மீ. இடிக்கும். அதனால் தரையில் முழு அளவில் கோடு போட்டு, எல்லாக் கல்லையும் படுக்கவைத்துப் பார்த்த பிறகே மேலே ஏற்றுங்கள்.

கேள்வி: நாக்கு-பள்ளப் பூட்டு இருப்பதால் கனத்தைக் குறைக்கலாம்தானே?

பூட்டு சறுக்கலைத் தடுக்கும். மூட்டு திறப்பதைத் தடுக்காது. மேலே சொன்ன ஆர்ச் தன் எடையில் மட்டும் நிற்கவே ஏறக்குறைய 17 செ.மீ. கனம் வேண்டும். அது விழும் எல்லை, பாதுகாப்பான அளவு அல்ல.

கேள்வி: கடைசிக் கல் மேலிருந்து இறங்கவே இல்லை. செதுக்கலாமா?

செதுக்கினால் அந்த இடத்தில் பூட்டே இருக்காது. நாக்கும் பள்ளமும் ஆர்ச்சின் அகல வாக்கில் ஓடினால், கல் மேலும் கீழும் நகராதபடி பிடிப்பதுதான் அவற்றின் வேலை. அப்புறம் மேலிருந்து எப்படி இறங்கும்? பூட்டுக்கல்லைப் பக்கவாட்டில் செருகுங்கள். பக்கத்தில் இடமில்லையென்றால் நாக்கில்லாத பூட்டுக்கல் ஒன்றைத் தனியாக வார்த்து, இருபக்கப் பள்ளங்களிலும் கிரவுட் (நீர்த்த சிமெண்ட் கலவை) ஊற்றி நிரப்புங்கள். இதை அச்சு செய்யும்போதே முடிவு செய்யாதவர்கள்தான் உச்சியில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள்.

கேள்வி: உச்சியின் அடியில் விரிசல், தோள்பகுதியில் (உச்சிக்கும் அடிக்கும் இடைப்பட்ட வளைவில்) மேற்பக்கம் விரிசல். கல் மோசமா?

கல்லைக் குறை சொல்லாதீர்கள், முதலில் தாங்குசுவரைப் பாருங்கள். அது வெளியே நகர்ந்தால் இப்படித்தான் திறக்கும். பக்கத் தள்ளலுக்குத் தோராயக் கணக்கு: மீட்டருக்கான சுமையை இடைவெளியின் (இரண்டு அடிகளுக்கும் நடுவிலுள்ள தூரம்) வர்க்கத்தால் பெருக்கி, உயரத்தின் (அடியிலிருந்து உச்சி வரை) எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். இடைவெளி 4 மீ., உயரம் 1 மீ., சுமை மீட்டருக்கு 1 டன் என்றால் ஒவ்வொரு பக்கமும் 2 டன் தள்ளல். உயரத்தை 2 மீட்டராக்கினால் 1 டன்தான். உயர்த்த வழியில்லையா, இரண்டு அடிகளையும் இழுவைக் கம்பியால் கட்டுங்கள், அல்லது முட்டுச்சுவர் கொடுங்கள். இப்போதைக்குச் சென்ட்ரிங்கை (கட்டும்போது ஆர்ச்சைத் தாங்கும் தற்காலிகச் சட்டம்) மறுபடி கீழே நிறுத்திவிட்டு, பொறியாளரிடம் காட்டுங்கள்.

கேள்வி: சென்ட்ரிங்கை எப்போது எடுப்பது?

பூட்டுக்கல் உட்கார்ந்து, கிரவுட் இறுகி, தோள்பகுதியை இருபுறமும் சமமாக நிரப்பிய பிறகு. சென்ட்ரிங்கைத் தாங்கும் ஆப்புகளை உச்சியிலிருந்து அடி நோக்கி, இரு பக்கமும் ஒரே மாதிரி, சுற்றுக்குச் சில மி.மீ. மட்டும் தளர்த்துங்கள். ஒரு பக்கத்தை மட்டும் உருவினால் ஆர்ச் சாய்ந்து உடையும்.