வேர்டு ஃபைல் திறக்க மறுத்தால்: கணினி கேள்வி-பதில்

கேள்வி: ஆய்வேட்டை பென் டிரைவில் வைத்தே வேர்டில் தட்டச்சு செய்துவந்தேன். நேற்று சேமித்த கையோடு டிரைவை உருவிவிட்டேன். இப்போது ஃபைல் கெட்டுவிட்டது, திறக்க முடியாது என்று செய்தி வருகிறது. அளவு மட்டும் 412 கேபி என்று சரியாகக் காட்டுகிறது. மீட்க முடியுமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில், அந்தப் பென் டிரைவில் இனி எதையும் எழுதாதீர்கள். ஃபைலை லேப்டாப்பில் நகலெடுத்து, அந்த நகலில் மட்டும் கை வையுங்கள்.

அளவை நம்ப வேண்டாம். அது டிரைவின் பெயர்ப்பட்டியலில் உள்ள ஓர் எண், அவ்வளவுதான். பட்டியல் பதிவாகி, உள்ளடக்கம் பதிவாகும் முன்பே டிரைவை உருவினாலும் அந்த எண் அப்படியே நிற்கும். அதனால் நகலை நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பாருங்கள், சேமிக்காமல் மூடிவிடுங்கள். வேர்டு ஃபைலின் வகையான டாக்எக்ஸ் என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம், அதாவது பல ஃபைல்களைச் சுருக்கி ஒன்றாகக் கட்டியது. நல்ல ஃபைல் 'பி', 'கே' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். 1989-இல் ஜிப்பை உருவாக்கிய பில் காட்ஸின் பெயரெழுத்துகள் அவை.

அந்த எழுத்துகள் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. வேர்டின் 'ஓப்பன்' பெட்டியில் ஃபைலைத் தேர்ந்தெடுத்து, 'ஓப்பன்' பொத்தானை ஒட்டிய சிறு அம்பில் 'ஓப்பன் அண்ட் ரிப்பேர்' கொடுங்கள். நடக்கவில்லையென்றால் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். சில பிழைகளை அது பொறுத்துக்கொள்ளும். அதுவும் முடியாவிட்டால் ஜிப்பைப் பிரிக்கும் செவன்-ஜிப் மென்பொருளில் திறந்து, 'வேர்டு' ஃபோல்டருக்குள் 'டாக்குமென்ட்' என்ற எக்ஸ்எம்எல் ஃபைலை வெளியே எடுங்கள். அடிக்குறிப்புகள் போன்றவை தவிர, உங்கள் எழுத்து முழுவதும் அதில்தான் இருக்கிறது. வேர்டு அதைப் பெரும்பாலும் பொட்டலத்தின் முன்பகுதியில் வைப்பதால், வால் அறுந்த ஃபைலில் படங்கள் போனாலும் எழுத்து தப்பிவிடுவது உண்டு. நோட்பேட் பிளஸ் பிளஸில் அதைத் திறந்து, 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' தேர்வுடன் <[^>]+> என்பதைத் தேடி, மாற்றுப் பெட்டியைக் காலியாக விட்டு மாற்றினால், எழுத்துக்கு இடையே உள்ள எக்ஸ்எம்எல் குறிகள் நீங்கித் தமிழ் மட்டும் நிற்கும். பத்திகளை நீங்களே பிரிக்க வேண்டும்.

நோட்பேடில் முழுக்க வெறும் இடைவெளியாகவே தெரிந்தால், உள்ளே இருப்பவை சுழியங்கள். அதை எந்த ரிப்பேர் மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. காசு கேட்பவற்றிடம் ஏமாற வேண்டாம். ஆனால் வழி அடைபடவில்லை. வேர்டு ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் புதிதாக ஒரு தற்காலிக ஃபைலை எழுதி, அதற்குப் பழைய பெயரைச் சூட்டுகிறது. முந்தைய பிரதி டிரைவின் காலி இடத்தில் இன்னும் கிடக்கலாம். எதையும் எழுதாதீர்கள் என்றது இதற்காகத்தான். அழிந்த ஃபைல்களைத் தேடி மீட்கும் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். அதன் வகைப் பட்டியலில் டாக்எக்ஸ் தனியாக இருக்காது, 'ஜிப்'பைத் தேர்ந்தெடுங்கள். மீட்பவற்றை லேப்டாப்பில்தான் சேமிக்க வேண்டும். பெயர்கள் எண்களாக வரும். ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். துண்டுதுண்டாகச் சிதறிய ஃபைல் முழுமையாக வராது.

கேள்வி: டிரைவைச் சரிபார்க்க விண்டோஸில் உள்ள செக்டிஸ்க்கை ஓட்டினால் கெட்ட ஃபைல் சரியாகுமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஆகாது. செக்டிஸ்க் சரிபார்ப்பது டிரைவின் கணக்குப் புத்தகத்தை. ஃபைலின் உள்ளடக்கத்தை அல்ல. திருத்தும்படி ஓட்டினால் அது டிரைவிலேயே எழுதும், நீங்கள் தேடும் பழைய பிரதிக்கு அது ஆபத்து. மீட்பு வேலை முடிந்தபின் ஓட்டுங்கள்.