கத்தோலிக்கர்கள் பூசையில் வாங்கும் அப்பம் பிரசாதம் மாதிரிதானா? மற்றவர்களுக்கு ஏன் தருவதில்லை?

சென்னையில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. மாதா எல்லாருக்கும் பொது. பூசையில் வரிசை நகர ஆரம்பித்ததும் சிலர் கூடவே எழுந்து போய்விடுவார்கள்.

என் கல்யாணத்தில் ஆபீஸ் நண்பன் ஒருவன் அப்படித்தான் போய் நின்றான். ஃபாதர் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். இவன் 'இல்லை' என்று தலையாட்டினான். நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதித்து அனுப்பிவிட்டார். பந்தியில் உட்கார்ந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டான்: "காசு சைஸுக்கு ஒரு துண்டு. அதுக்குக்கூடவா கணக்கு பார்ப்பீங்க?"

அவன் பார்த்தது சரிதான். கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துப் புளிக்காமல் சுட்டது. ருசி என்று சொல்ல ஒன்றுமில்லை. பிரசாதம் என்று நினைத்ததும் தப்பில்லை, பழைய தமிழ்க் கத்தோலிக்கர்களே இதைச் சற்பிரசாதம் என்றுதான் சொன்னார்கள். இன்று நற்கருணை என்கிறோம். பேச்சில் 'நன்மை வாங்கினேன்', முதல் தடவை என்றால் 'புதுநன்மை'.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பிரசாதத்தில் நாம் படைத்ததைச் சாமி ஏற்று, தன் அருளோடு நமக்குத் திருப்பித் தருகிறார். இங்கே படைக்கப்படுவதும் அவர், கையில் வைக்கப்படுவதும் அவர். சாவதற்கு முந்தைய இரவு இயேசு அப்பத்தைப் பிட்டு 'இது என் உடல்' என்றார். கிண்ணத்தை எடுத்து 'இது என் இரத்தம்' என்றார். என் நினைவாக இதைச் செய்யுங்கள் என்றார். பூசையில் குரு, அதாவது ஃபாதர், அதே வார்த்தைகளைச் சொல்லும்போது அப்பத்தின் உட்பொருளே கிறிஸ்துவாக மாறிவிடுகிறது, நிறமும் மணமும் ருசியும் மட்டும் அப்படியே நிற்கின்றன என்பது எங்கள் நம்பிக்கை. 1551இல் திரெந்து பொதுச்சங்கம், அதாவது திருச்சபையின் ஆயர்கள் கூடிய மாநாடு, இதைத் திட்டவட்டமாக அறிவித்தது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் கோதுமைதான் தெரியும். அதை நாங்களும் மறுப்பதில்லை.

கேட்கச் சங்கடமாக இருக்கிறதா? யோவான் நற்செய்தி 6ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். 'என் சதையை உண்ணுங்கள்' என்று இயேசு சொன்னதும், கூடவே சுற்றிய சீடர்களில் பலர் அங்கேயே விலகிப் போய்விட்டார்கள். அவர் யாரையும் கூப்பிட்டு, 'சும்மா உவமைக்குச் சொன்னேன்' என்று சமாதானம் சொல்லவில்லை.

இப்போது நண்பனின் கேள்விக்கு வருகிறேன். குரு அப்பத்தைக் காட்டி 'கிறிஸ்துவின் திருவுடல்' என்பார், வாங்குகிறவர் 'ஆமென்' என்பார். இதையெல்லாம் நம்புகிறேன், இந்தத் திருச்சபையோடு இருக்கிறேன் என்று அந்த ஒரு சொல்லில் கையெழுத்துப் போடுகிற மாதிரி. நம்பாத ஒருவரை அப்படிச் சொல்ல வைப்பது அவருக்கே மரியாதை இல்லை. கத்தோலிக்கராக இருந்தாலும் கனமான பாவம் செய்திருந்தால், குருவிடம் அதைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் போகக்கூடாது. வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீரும் மருந்தும் பரவாயில்லை. எங்கள் பாட்டி காலத்தில் நள்ளிரவு முதலே விரதமாம். மற்றபடி பூசையில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம்.

இதெல்லாம் மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்தது. நான் பூசை நேரத்தில் பார்க்கிங் பற்றி யோசிக்கிற ரகம். எனக்கு இது புரிந்தது பெரம்பூரில், ஆயா படுத்த படுக்கையாக இருந்த இரண்டு வருடங்களில்.

மாதத்தின் முதல் வெள்ளியன்று நன்மை வீட்டுக்கே வரும். கொண்டுவருபவர் ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஓர் அங்கிள், பங்கில் (எங்கள் ஊர்க் கோயிலில்) நற்கருணை கொடுக்க நியமிக்கப்பட்ட பணியாளர். தெருவில் மாட்டினால் கிரிக்கெட், தண்ணி லாரி, மருமகன் என்று அரை மணி நேரம் விடமாட்டார். அன்றைக்கு மட்டும் கழுத்தில் ஒரு சின்னத் துணிப்பை தொங்கும், உள்ளே கைக்கடிகார அளவில் ஒரு பெட்டி. எதிரே யார் வந்தாலும் தலையசைப்போடு சரி. நாங்கள் வெள்ளைத் துணி விரித்து மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருப்போம். ஆயாவுக்கு வாய் உலர்ந்துபோயிருக்கும் என்று கால் துண்டாகப் பிட்டு, ஒரு ஸ்பூன் தண்ணீரோடு கொடுப்பார். உடனே கிளம்பிவிடுவார், அடுத்த வீட்டுக்குப் போகவேண்டும், பெட்டியில் ஆண்டவர் இருக்கிறார்.

எங்கள் வீடு கடைசி என்றால், பெட்டியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அலசி, ஒரு துகள்கூட வீணாகாமல் அதையும் ஆயாவுக்கே குடிக்கக் கொடுப்பார். பையை மடித்துச் சட்டைப் பையில் வைப்பார். அப்புறம்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "காபி இருக்காம்மா?" என்பார்.