ஆர்.சி. ட்ரக் கிட்: மரை போன ஓட்டையும் வீங்கிய லைப்போவும்

ரிமோட்டில் ஓடும் ஆர்.சி. ட்ரக்கின் கிட் கைக்கு வந்துவிட்டது. எல்லாப் பைகளையும் பிரித்து, ஸ்க்ரூக்களைத் தட்டில் கொட்டி வைத்துக்கொண்டு ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். ஏ, பி, சி என்று எழுத்துப் போட்ட பைகளை மேனுவல் எப்போது கேட்கிறதோ அப்போது மட்டும் பிரியுங்கள். 3×10 ஸ்க்ரூவும் (3 மி.மீ. தடிமன், 10 மி.மீ. நீளம்) 3×12 ஸ்க்ரூவும் கலந்துவிட்டால் வெறும் கண்ணால் பிரிப்பது கஷ்டம். நீளமானது தவறான ஓட்டைக்குள் போனால் மறுபக்கம் எட்டிப் பார்த்து கியரில் உரசும். டாமியா (ஜப்பானிய கிட் நிறுவனம்) மேனுவலில் ஸ்க்ரூக்களை அசல் அளவிலேயே அச்சிட்டிருப்பார்கள். சந்தேகம் வந்தால் ஸ்க்ரூவை அந்தப் படத்தின் மேல் படுக்க வைத்துப் பாருங்கள்.

பேட்டரி டிரில்லில் பிட் மாட்டி ஒரே மாலையில் சேசிஸை முடித்துவிட்டேன். இப்போது கியர்பாக்ஸில் நாலைந்து ஸ்க்ரூ பிடிக்காமல் சும்மா சுற்றுகிறது. ஸ்க்ரூ தரம் சரியில்லையா?

ஸ்க்ரூ நன்றாகத்தான் இருக்கிறது. டிரில்லைக் கையில் எடுத்ததுதான் தப்பு. இந்தக் கேள்வி-பதில் பகுதியில் எத்தனையோ முறை எழுதியாகிவிட்டது, ஆனாலும் இதே புகார் வந்துகொண்டே இருக்கிறது. அதனால் இந்த முறை முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

இந்த மாதிரி கிட்டில் பிளாஸ்டிக்கில் போகிறவை பெரும்பாலும் டேப்பிங் ஸ்க்ரூ. ஓட்டையில் மரை இருக்காது. முதல் தடவை உள்ளே போகும்போது ஸ்க்ரூவே மரையை வெட்டிக்கொள்ளும். டிரில் வேகத்தில் சுற்றினால் உராய்வுச் சூட்டில் பிளாஸ்டிக் இளகும், வெட்டிய மரை நிற்காது. தலை உட்கார்ந்த பிறகு அரைச் சுற்று கூடப் போனால் மரை மொத்தமும் வழித்துக்கொண்டு வந்துவிடும். 'கிளட்சை, அதாவது டிரில்லின் முறுக்கு வரம்பை, குறைத்துத்தான் வைத்தேன்' என்று எழுதுகிறவர்களுக்கும் இதே பதில்தான். ஆழமான ஓட்டையில் மரை வெட்டும் விசைக்கும் மரையைக் கெடுக்கும் விசைக்கும் இடையே இருப்பது கொஞ்சம்தான். அதை விரல் உணரும், கிளட்ச் உணராது.

அடுத்தது ஸ்க்ரூடிரைவர். டாமியா கிட்டின் கூட்டல் தலை ஸ்க்ரூக்கள் ஜே.ஐ.எஸ். எனும் ஜப்பானிய அளவில் செய்தவை. சாதாரண பிலிப்ஸ் முனை அதன் அடிவரை உட்காராமல் மேலே ஏறி வழுக்கும், நாலு தடவையில் தலை மொட்டையாகிவிடும். ஜே.ஐ.எஸ். முனை வாங்குங்கள்: 3 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 2-ஆம் நம்பர், 2, 2.6 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 1-ஆம் நம்பர். ஆக்ஸியல் நிறுவனத்தினுடையது போன்ற ஆலன் தலை (அறுகோணக் குழி) கிட்டுகளுக்கு 2 மி.மீ. கீதான் அதிகம் வேலை செய்யும். அதை மட்டுமாவது கைப்பிடி வைத்த நல்ல கீயாக வாங்குங்கள்.

இனி முறை. ஸ்க்ரூ முனையைச் சோப்புக் கட்டியில் ஒரு இழுப்பு இழுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை அழுத்திப் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். இறுக்கமாக இருந்தால் இரண்டு சுற்று முன்னே, அரைச் சுற்று பின்னே. தலை பாகத்தைத் தொட்டதும் ஒரு சின்ன முறுக்கு, அவ்வளவுதான். கழற்றிய ஸ்க்ரூவைத் திரும்பப் போடும்போது முதலில் இடப்பக்கமாக, கழற்றுகிற திசையில் திருப்புங்கள். பழைய மரையில் விழும் 'டக்' விரலுக்குத் தெரியும். அதன் பிறகு வலப்பக்கம் முறுக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் ஒவ்வொரு முறையும் புது மரை வெட்டி, சீக்கிரமே ஓட்டை காலியாகிவிடும்.

உங்கள் கியர்பாக்ஸுக்கு: ஓட்டையில் இன்னும் ஆழம் இருந்தால் 2 மி.மீ. நீளமான ஸ்க்ரூ போடுங்கள். இல்லையென்றால் பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து மெல்லிய சீவல் ஒன்று எடுத்து ஓட்டைக்குள் வைத்து, ஸ்க்ரூவைக் கையால் முறுக்குங்கள். கையால்.

ஸ்டியரிங் எப்போதும் இடப்பக்கமே இழுக்கிறது. டிரான்ஸ்மிட்டரில் டிரிம்மை (நடுநிலையைச் சற்றே நகர்த்தும் குமிழ்) முழுக்கத் திருப்பியும் போதவில்லை.

சர்வோவை (சக்கரத்தைத் திருப்பும் சிறு மோட்டார்) நடுவுக்குக் கொண்டுவராமலே ஹார்னை (அதன் அச்சில் மாட்டும் கை) மாட்டியிருக்கிறீர்கள். ஹார்னைக் கழற்றுங்கள். சக்கரம் தரையில் படாமல் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, டிரிம்மைச் சுழியத்தில் வைத்து, டிரான்ஸ்மிட்டரை ஆன் பண்ணி, பிறகு வண்டியை ஆன் பண்ணுங்கள். சர்வோ நடுவில் வந்து நிற்கும். அந்த நிலையிலேயே ஹார்னை மாட்டுங்கள். ஒரு பல்லுக்கும் குறைவான வித்தியாசம் மிஞ்சினால் அதற்குத்தான் டிரிம். சர்வோ சேவரின் (அடி பட்டால் விட்டுக்கொடுக்கும் ஹார்ன்) பல்லும் பொருந்த வேண்டும், அது சர்வோ நிறுவனத்தைப் பொறுத்தது: ஃபுடாபா வகைக்கு 25, ஹைடெக்கில் பெரும்பாலும் 24, சான்வா, கே.ஓ. வகைக்கு 23. பொருந்தாததை அழுத்தி ஏற்றினால் பல் வழித்துக்கொண்டு போகும்.

எல்லா ஸ்க்ரூவுக்கும் திரெட்லாக் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) போட்டேன். ஒரு வாரத்தில் சஸ்பென்ஷன் ஆர்மில் விரிசல்.

திரெட்லாக் உலோகத்துக்குள் உலோகம் போகும் இடத்துக்கு மட்டும். மோட்டார் ஸ்க்ரூ, பினியனை (மோட்டார் தண்டில் மாட்டும் சிறு கியர்) பிடிக்கும் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத ஸ்க்ரூ) போன்றவை. பல வகை பிளாஸ்டிக்கை அது அரித்து வெடிக்க வைக்கும். நீல நிறத்தது போதும், ஒரு துளி, எண்ணெய்ப் பசையைத் துடைத்த பிறகு.

பெயிண்ட் உரிகிறது. என்ன செய்ய?

எந்த பாடி, எந்த பெயிண்ட், உள்ளே அடித்தீர்களா வெளியே அடித்தீர்களா, எதுவுமே எழுதவில்லை. இப்படிக் கேட்டால் நான் எப்படிச் சொல்வது? அடுத்த முறை முழு விவரத்துடன் எழுதுங்கள். பொதுவாக: கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் பாடி என்றால் டாமியாவின் பி.எஸ். வகை ஸ்ப்ரே, உட்பக்கம், பாத்திர சோப்பால் கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு. அடர் நிறம் முதலில், வெளிர் நிறம் பிறகு. வெளிப்புறப் பாதுகாப்பு ஃபிலிமைக் கடைசியில்தான் உரிக்க வேண்டும். டாமியாவின் லஞ்ச் பாக்ஸ் வண்டி போன்ற கெட்டி பிளாஸ்டிக் பாடி என்றால் டி.எஸ். வகை, வெளிப்பக்கம். இரண்டையும் மாற்றி அடிக்கக் கூடாது.

கிட்டோடு வந்த பிளாஸ்டிக் புஷ் (அச்சு உள்ளே சுழலும் வளையம்) போதுமா, பேரிங் போட வேண்டுமா?

பேரிங். அதுவும் கட்டும்போதே, பிறகு என்றால் பாதி வண்டியைக் கழற்ற வேண்டும். 1150 என்றால் வெளி விட்டம் 11 மி.மீ., உள் விட்டம் 5 மி.மீ. மண்ணில் ஓடுகிற வண்டிக்கு ரப்பர் சீல் வைத்ததே வாங்குங்கள். புஷ்ஷுக்குள் மணல் போனால் அச்சையே அரைத்துவிடும்.

புது வண்டி, கியர் சத்தம் காது கிழிகிறது.

பினியனுக்கும் அது சுற்றும் பெரிய ஸ்பர் கியருக்கும் நடுவே ஒரு துண்டு நோட்டுக் காகிதத்தை விட்டு, மோட்டாரை அழுத்திப் பிடித்து ஸ்க்ரூவை முறுக்குங்கள். பிறகு கியரைச் சுற்றிக் காகிதத்தை வெளியே எடுங்கள். மடிப்பு விழுந்திருக்க வேண்டும், கிழிந்திருக்கக் கூடாது. மோட்டார் ஓட்டை நகராத கியர்பாக்ஸ் என்றால் மேனுவல் சொன்ன பல் எண்ணிக்கையில் மட்டுமே பினியன். கிரப் ஸ்க்ரூ மோட்டார் தண்டின் தட்டைப் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். இதையும் ஸ்டாண்டில் ஏற்றித்தான் சோதிக்க வேண்டும். சுற்றுக்கு ஒரு 'டிக்' மட்டும் கேட்டால் பல்லிடுக்கில் கல்.

7.2 வோல்ட் நிக்கல் பேட்டரி இடத்தில் 2எஸ் (இரண்டு செல்) லைப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி, போட்டேன். சில ஓட்டத்திலேயே வீங்கிவிட்டது.

ஈ.எஸ்.சி.யில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) லைப்போ கட்-ஆஃப் (வோல்ட் குறைந்தால் மோட்டாரை நிறுத்தும் வசதி) இருக்கிறதா என்று பார்த்தீர்களா? சிலவற்றில் ஜம்பரை (சிறு செருகி) மாற்றி வைக்க வேண்டும். கட்-ஆஃப் இல்லாமல் ஓட்டினால் செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கெட்டுவிடும். வீங்கிய பேட்டரியை இனி சார்ஜ் பண்ணவே கூடாது, மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்துவிடுங்கள். புதியதை பேலன்ஸ் சார்ஜரில் (எல்லா செல்லையும் சமமாக நிரப்புவது), 5000 எம்.ஏ.எச். என்றால் 5 ஆம்பியருக்கு மேல் போகாமல் சார்ஜ் செய்யுங்கள். ஒரு வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். சார்ஜில் போட்டுவிட்டு வெளியே போகாதீர்கள், தூங்காதீர்கள்.

லஞ்ச் பாக்ஸ் த்ராட்டில் கொடுத்ததும் பின்பக்கம் குதிகுதியென்று குதிக்கிறது.

அந்த சேசிஸின் சுபாவம். டாமியாவின் இன்னொரு ட்ரக்கான மிட்நைட் பம்ப்கினிலும் இதே சேசிஸ், இதே குதிப்பு. மோட்டாரும் கியர்பாக்ஸும் பின் அச்சோடு சேர்ந்தே ஆடுவதால் வருவது. கியர்பாக்ஸுக்கும் சேசிஸுக்கும் இடையே ஐந்தாவதாக ஒரு ஷாக் (அதிர்வு தாங்கி) வைத்தால் பெரிதும் அடங்கும்.

கிராலர் (பாறை ஏறும் வண்டி) வளைவில் திரும்பவே மாட்டேன் என்கிறது.

இரண்டு டிஃபும் (இரு பக்கச் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர்) லாக் செய்தவை. பாறை ஏற அது வேண்டும், திரும்பும் வட்டம் பெரிதாகத்தான் இருக்கும். சர்வோ முழு வீச்சு திரும்புகிறதா என்று மட்டும் டிரான்ஸ்மிட்டரில் பாருங்கள்.

பேட்டரி மாட்டியதும் வண்டி தானாகப் பாய்ந்து சுவரில் மோதியது.

டிரான்ஸ்மிட்டர் முதலில் ஆன், கடைசியில் ஆஃப். ரிசீவரில் ஃபெயில்-சேஃபை (சிக்னல் போனால் வண்டி என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு) நியூட்ரலில் செட் பண்ணுங்கள். அது முடியும் வரை வண்டி ஸ்டாண்டைவிட்டு இறங்கக் கூடாது.