கணக்கேட்டில் அடங்காத ஆஸ்கர் ராபர்ட்சன்

கேள்வி: அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஆஸ்கர் ராபர்ட்சன் என்றாலே எல்லோரும் 'டிரிபிள் டபுள்' பற்றித்தான் பேசுகிறார்கள். ஒரே பருவத்தில் அதை அதிகமுறை எடுத்த அவருடைய சாதனையை ரசல் வெஸ்ட்புரூக் முறியடித்துவிட்டார். பருவம் முழுவதற்குமான டிரிபிள் டபுள் சராசரியை இப்போது நிக்கோலா யோகிச்சும் எட்டிவிட்டார். இனி ராபர்ட்சனின் பெயர் எதற்காக நிலைக்கும்?

பதில்: கேள்வி நியாயமானதுதான். பொதுவாக ஒரே ஆட்டத்தில் புள்ளி, ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (சக வீரர் கூடை போடப் பந்தைக் கொடுப்பது) ஆகிய மூன்றிலும் பத்துக்குக் குறையாமல் எடுப்பதை டிரிபிள் டபுள் என்கிறோம். சின்சினாட்டி ராயல்ஸ் அணிக்காக ஆடிய ராபர்ட்சன், 1961-62 பருவம் முழுவதற்கும் சராசரியாக 30.8 புள்ளிகளும் 12.5 ரீபவுண்டுகளும் 11.4 அசிஸ்டுகளும் எடுத்தார். அந்தச் சொல்லே அப்போது புழக்கத்தில் இல்லாததால், அதை ஒரு சாதனையாக யாரும் கொண்டாடவில்லை என்பது வேடிக்கை. அன்றைய ஆட்டம் வேகமானது. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் நூறு முறைக்கும் மேல் கூடையை நோக்கிப் பந்தை எறிந்தது, தவறிய பந்துகளும் மிகுதி, ஆகவே ரீபவுண்டுக்கு வாய்ப்பும் மிகுதி என்று சிலர் குறைத்துப் பேசுவதுண்டு. அது உண்மையே. ஆனால் அதே வேகத்தில் ஆடிய அக்காலத்து வீரர்களில் வேறு ஒருவர்கூட அந்தச் சராசரியை எட்டவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இருந்தாலும் அவருடைய பெயர் நிலைப்பதற்கு இந்த எண்கள் முதற்காரணம் அல்ல என்பதே என் கருத்து. இன்று ஒப்பந்தம் முடிந்த என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) வீரர் ஒருவர் தமக்குப் பிடித்த அணியுடன் பேரம் பேசிக் கையெழுத்திடுகிறார் அல்லவா, அந்த உரிமைக்கு வழி திறந்த வழக்கின் பெயர் 'ராபர்ட்சன் எதிர் என்பிஏ' என்பது.

அன்றைய நிலை இன்றைய இளைஞர்களுக்கு நம்பக் கடினமாக இருக்கும். கல்லூரியிலிருந்து வரும் வீரரை எந்த அணி தேர்ந்தெடுத்ததோ அந்த அணியுடன் மட்டுமே அவர் பேச முடியும். அவருடைய ஒப்பந்தத்தில், காலம் முடிந்தபின் மேலும் ஓராண்டுக்கு அணியே தன்விருப்பப்படி நீட்டித்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருந்தது. அதை ஆண்டுதோறும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பது உரிமையாளர்களின் வாதம். 1967-இல் ஏபிஏ என்ற போட்டி லீக் தொடங்கியபோதுதான் வீரர்களுக்கு வேறொரு கதவு திறந்தது, சம்பளமும் ஏறியது. அந்தக் கதவை மூட இரு லீகுகளும் இணையப் பேசின. 1965 முதல் வீரர்கள் சங்கத்தின் தலைவராக இருந்த ராபர்ட்சன், அணிக்கு ஒருவராகத் தம்மையும் சேர்த்துப் பதினான்கு வீரர்களைத் திரட்டி, 1970 ஏப்ரலில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில், இது ஏகபோகத் தடைச் சட்டத்துக்குப் புறம்பானது என்று வழக்குத் தொடுத்தார். இணைப்பு தடைபட்டது. 1976-இல் சமரசம் ஏற்பட்ட பிறகே, டென்வர், இந்தியானா, நியூயார்க் நெட்ஸ், சான் அன்டோனியோ ஆகிய நான்கு ஏபிஏ அணிகள் என்பிஏவுக்குள் வந்தன. முழு விடுதலை ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை. 1988-இல்தான் டாம் சேம்பர்ஸ் என்ற வீரர் எவ்விதத் தடையுமின்றிச் சியாட்டிலை விட்டு ஃபீனிக்ஸுக்குச் செல்ல முடிந்தது.

ராபர்ட்சனோ 1974-இலேயே ஓய்வு பெற்றிருந்தார். தாம் பெற்றுத் தந்த உரிமையை அவர் ஒருநாள்கூட அனுபவிக்கவில்லை.

கேள்வி: புகழின் உச்சியில் இருந்தவருக்கு இந்த வம்பு எதற்கு?

பதில்: அவருடைய பள்ளி நாட்களைப் பாருங்கள். 1955-இல் அவர் ஆடிய, இண்டியானாபொலிஸ் நகரின் கிறிஸ்பஸ் அட்டக்ஸ் பள்ளி அணி மாநிலக் கோப்பையை வென்றது; கறுப்பின மாணவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட பள்ளி அது. வென்ற அணி நகர மையத்தில் கொண்டாடுவது வழக்கம். இந்தப் பிள்ளைகளைத் தீயணைப்பு வண்டியில் ஏற்றி, மையத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, கறுப்பின மக்கள் வாழும் பகுதியின் பூங்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த இரவின் கசப்பை ராபர்ட்சன் பிற்காலத்திலும் மறைத்ததில்லை.

இன்னொரு நாளையும் சொல்ல வேண்டும். 1964 ஜனவரி 14, பாஸ்டன் கார்டன் அரங்கம், என்பிஏவின் சிறந்த வீரர்கள் மோதும் நட்சத்திர ஆட்டம். தேசியத் தொலைக்காட்சி ஒளிபரப்பக் காத்திருக்கிறது. வீரர்களோ உடை மாற்றும் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, ஓய்வூதியத்துக்கு உறுதி தராமல் வெளியே வரமாட்டோம் என்கிறார்கள். சங்கத் தலைவராக அப்போது இருந்தவர் டாமி ஹைன்சன். ராபர்ட்சனும் அந்த அறையில் இருந்தார். உடனே வெளியே வராவிட்டால் நடப்பது வேறு என்ற தொனியில் ஓர் அணி உரிமையாளர் தம் வீரர்களுக்குச் சொல்லியனுப்ப, தயங்கிக்கொண்டிருந்தவர்களும் உறுதியாகிவிட்டார்கள் என்பார்கள். என்பிஏ ஆணையர் வால்டர் கென்னடி வாக்குக் கொடுத்த பிறகுதான் ஆட்டம் தொடங்கியது. அன்றைய சிறந்த வீரர் விருது ராபர்ட்சனுக்கே கிடைத்தது.

கேள்வி: அவர் என்பிஏ கோப்பை எதையும் வெல்லவில்லையா?

பதில்: வென்றார். வழக்குத் தொடுத்த அதே மாதத்தில் சின்சினாட்டி அணி அவரை மில்வாக்கி பக்ஸுக்கு மாற்றிவிட்டது. அங்கே, பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்று பெயர் மாற்றிக்கொண்ட இளம் லூ ஆல்சிண்டருடன் சேர்ந்து 1971-இல் கோப்பையை வென்றார். ரோம் ஒலிம்பிக்கின் தங்கப் பதக்கம் அதற்கு முன்பே, 1960-இல் கிடைத்துவிட்டது.

கேள்வி: தம் சாதனை முறிந்தபோது அவர் வருந்தினாரா?

பதில்: வருத்தம் தெரிந்ததாகச் சொல்ல முடியாது. அந்தச் சாதனை முறிந்த விதத்தைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். 2016 ஜூலையில் ஒப்பந்தம் முடிந்த கெவின் டுரான்ட், வெஸ்ட்புரூக்குடன் சேர்ந்து ஆடிய ஓக்லஹோமா சிட்டி அணியை விட்டுத் தம் விருப்பப்படி கோல்டன் ஸ்டேட் அணிக்குச் சென்றார். தனித்து விடப்பட்ட வெஸ்ட்புரூக் அணியின் மொத்தப் பாரத்தையும் தம் தோளில் ஏற்றிக்கொண்டு, அந்தப் பருவத்தில் 42 டிரிபிள் டபுள்களை எடுத்து, 1961-62 பருவத்தில் ராபர்ட்சன் எடுத்த 41-ஐக் கடந்தார். டுரான்ட் அப்படிக் கிளம்பிச் செல்ல வழி செய்தது ராபர்ட்சனின் வழக்கு. ஆக, ராபர்ட்சனின் எண்ணை வீழ்த்தியதில் ராபர்ட்சனுக்கும் ஒரு பங்கு உண்டு. 2017 ஏப்ரலில், பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முன், 78 வயதான அவர் ஓக்லஹோமா சிட்டிக்கு நேரிலேயே சென்று, திரண்டிருந்த ரசிகர்கள் முன்னிலையில் வெஸ்ட்புரூக்கைப் பாராட்டிப் பேசினார்.