தைப்பூசம் ஜனவரி 31-க்கு எப்படிப் போனது? தேதிப் பெட்டி பற்றிய கேள்வி பதில்

மொரிஷியஸில் எபேனில் வலைத்தளச் சோதனை வேலை பார்க்கிறேன். படிவத்தில் தேதியைத் தானாக நிரப்புவது பற்றி நம்மவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி (ரோஸ் ஹில்): அண்ணா, செலினியத்தில் (பிரவுசரைத் தானாக இயக்கும் கருவி) 01022026 என்று தட்டச் சொல்கிறேன். என் கணினியில் பிப்ரவரி 1 விழுகிறது. சர்வரில் ஓட்டினால் ஜனவரி 2.

பதில்: சர்வரில் இருக்கும் குரோம் அமெரிக்க ஆங்கிலத்தில் இருக்கும். அங்கே மாதம்தான் முன்னால். பிரவுசரின் சொந்தத் தேதிப் பெட்டி வெளியே எப்படிக் காட்டினாலும், உள்ளே வைத்திருப்பது 2026-02-01 என்ற வடிவம்தான். அதையே ஜாவாஸ்கிரிப்ட் வழியாக மதிப்பாகக் கொடுங்கள். செலினியம் போன்ற இன்னொரு கருவியான பிளேரைட் என்றால், அதன் ஃபில் (நிரப்பு) கட்டளைக்கும் இதே வடிவம் போதும்.

கேள்வி (காத்ர் போர்ன்): அப்படித்தான் கொடுத்தேன். பெட்டியில் தேதி தெரிகிறது, அனுப்பினால் ‘தேதி தேவை’ என்கிறது.

பதில்: ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் எழுதிய பக்கமா? நேராக மதிப்பை மாற்றினால் அது கண்டுகொள்ளாது. உள்ளீட்டு உறுப்பின் மூல வடிவத்தில் (புரோட்டோடைப்) உள்ள செட்டரை, அதாவது மதிப்பை வைக்கும் செயல்கூறை, அழைத்து மதிப்பை வையுங்கள், அப்புறம் மேலே பரவும்படி ஓர் இன்புட் நிகழ்வை எழுப்புங்கள்.

கேள்வி (க்யூர்பிப்): தைப்பூசக் காவடி விடுமுறை 2026 பிப்ரவரி 1. என் நிரல் ஜனவரி 31 என்று நிரப்புகிறது. ஜாவாஸ்கிரிப்டில் மாத எண் பூஜ்யத்தில் தொடங்குவது எனக்குத் தெரியும்.

பதில்: மாதத்தில் தப்பில்லை, நேரத்தில்தான். நம் கடிகாரம் யுடிசியைவிட (உலகப் பொது நேரம்) 4 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே பிப்ரவரி 1 நள்ளிரவு 12 மணி என்றால், யுடிசியில் ஜனவரி 31 இரவு 8 மணி. தேதியை எழுத்தாக மாற்றும் டுஐஎஸ்ஓஸ்ட்ரிங் (toISOString) யுடிசியில்தான் எழுதும், நீங்கள் முதல் பத்து எழுத்தை வெட்டி எடுக்கிறீர்கள். ஆண்டு, மாதம், நாளைத் தனித்தனியாக எடுத்து, மாதத்தோடு 1 கூட்டி, ஒற்றை இலக்கத்துக்கு முன்னால் பூஜ்யம் சேர்த்து நீங்களே கோத்துக்கொள்ளுங்கள். இதே தப்பில் நான் ஒரு முழு நாளைத் தொலைத்திருக்கிறேன். நிரலை லண்டனில் ஜனவரியில் ஓட்டியவருக்கு, அங்கே அப்போது யுடிசியே உள்ளூர் நேரம் என்பதால், எல்லாம் சரியாக வந்தது, என்னை நம்பவே இல்லை!

கேள்வி (போர்ட் லூயி): ஹோட்டல் முன்பதிவுப் பக்கம். நாள்காட்டியைச் சொடுக்கித்தான் ஆகவேண்டும். பிரெஞ்சில் மாதப் பெயர் பொருந்தவில்லை.

பதில்: ‘ஃபெவ்ரியே’ (பிப்ரவரி), ‘ஊத்’ (ஆகஸ்ட்) எல்லாம் மேற்குறியோடு வரும், பெயரை ஒப்பிடாதீர்கள். ஆண்டு வித்தியாசத்தை 12-ஆல் பெருக்கி, மாத வித்தியாசத்தைக் கூட்டுங்கள். அத்தனை தடவை அம்புக்குறியை அழுத்தினால் போதும். நாளுக்கான கட்டத்தை எடுக்கும்போதும் கவனம். திங்களில் தொடங்கும் நாள்காட்டியில் 2026 பிப்ரவரியைத் திறந்து பாருங்கள்: முதல் வரிசை ஜனவரி 26-இல் தொடங்குகிறது, கடைசிக் கட்டம் மார்ச் 1. ‘28’ என்று தேடினால் முதலில் கையில் சிக்குவது ஜனவரி 28. வேறு மாதத்துக்குரிய சாம்பல் நிறக் கட்டங்களுக்குப் பெரும்பாலும் தனி கிளாஸ் (HTML-இல் உள்ள வகைப்பெயர்) இருக்கும், அதை வைத்து ஒதுக்குங்கள்.

கேள்வி: பெட்டியில் தட்டவே விடவில்லையே?

பதில்: ரீட்ஒன்லி (படிக்க மட்டும்) என்றால் அந்தப் பண்பை நீக்கிவிட்டு எழுதலாம். டிசேபிள்டு (முடக்கியது) என்றால் அதைத் தொடாதீர்கள். அந்த நிலையில் உள்ள பெட்டி படிவத்தோடு போகவே போகாது. பெரும்பாலும் முன்னால் இன்னொரு கேள்வியை நிரப்பாமல் விட்டிருப்பீர்கள்.