டிஎன்ஏ வழியே எலக்ட்ரான்: ஸ்பின் பற்றிக் கேட்டவையும் என் பதில்களும்

பினாங்கில் ஓர் ஆய்வகத்தில் மெல்லிய படலங்களோடு வேலை செய்கிறேன். கைரல் மூலக்கூறுகள் எலக்ட்ரானின் ஸ்பின்னைப் பிரித்து அனுப்புவது பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகள் இவை.

செந்தூல், எஸ்டிபிஎம் மாணவி: அக்கா, ஸ்பின் என்றால் எலக்ட்ரான் சுற்றுகிறதா? கைரல் என்றால்?

நிஜமாகச் சுற்றுவதில்லை தங்கச்சி. அது எலக்ட்ரானோடு பிறந்த குணம், எந்தத் திசையில் அளந்தாலும் மேல், கீழ் என்று இரண்டே விடைதான். கைரல் என்பது இடது கால் செருப்பும் வலது கால் செருப்பும் மாதிரி: ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பம், ஆனால் மாற்றிப் போட முடியாது. நம் உடம்பில் டிஎன்ஏ பெரும்பாலும் வலம்புரிச் சுருள்.

பிறை, பொறியாளர்: காந்தமே இல்லாமல் ஸ்பின்னைப் பிரிக்கிறதாமே, நம்பலாமா?

நம்பலாம். 2011-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்தைச் சேர்ந்த ரோன் நாமன் குழுவும் ஜெர்மனியின் மூன்ஸ்டர் குழுவும் செய்த சோதனையைப் பாருங்கள். இரட்டை இழை டிஎன்ஏவின் ஒரு முனையைக் கந்தகத்தால் தங்கத்தில் ஒட்டி, நெருக்கமாக நிற்க வைத்தார்கள். புற ஊதா லேசர் பட்டதும் தங்கத்திலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் அந்த டிஎன்ஏ படலத்தைக் கடந்துதான் வெளியே வரவேண்டும். வந்தவற்றின் ஸ்பின்னை அளந்தால், சாதாரண அறை வெப்பநிலையிலேயே முனைவாக்கம் (இரண்டு ஸ்பின்களின் பங்குக்கும் இடையே உள்ள வித்தியாசம்) 60 சதவீதத்தைத் தாண்டியது, அதாவது நூறில் எண்பதுக்கு மேல் ஒரே ஸ்பின்! டிஎன்ஏ நீள நீள விளைவும் கூடியது, ஒற்றை இழையில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. எனக்கு இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம், ஏனென்றால் காரணம் தங்கம் மட்டும் என்றால் இழை ஒன்றா இரண்டா என்பதில் இவ்வளவு வித்தியாசம் வராது. அப்புறம் அதே ஆண்டில் டிஎன்ஏவை நிக்கல் மேல் வைத்தும் பார்த்தார்கள், நிக்கலின் காந்தத் திசையைத் திருப்பினால் மின்னோட்டமே மாறியது.

ஜார்ஜ் டவுன், ஆசிரியர்: காரணம் என்ன?

சுருளின் மின்புலத்துக்குள் ஓடும் எலக்ட்ரான் அதை ஒரு காந்தப்புலமாகவும் உணர்கிறது, ஸ்பின் அதோடு பிணைகிறது. இதுவரை சரி சார். ஆனால் கார்பன், நைட்ரஜன் எல்லாம் லேசான அணுக்கள், அவற்றில் இந்தப் பிணைப்பு ரொம்பப் பலவீனம். எளிய கணக்குகள் தரும் விளைவு அளந்ததைவிட மிகக் குறைவு. தங்கத்தின் பங்கு, மூலக்கூறின் அதிர்வு என்று பல விளக்கங்கள் வந்துவிட்டன, எதையும் எல்லோரும் ஏற்கவில்லை. புதிர் தீர்ந்துவிட்டதாக யாராவது வகுப்பில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கிள்ளான், ஓர் அம்மா: பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) காந்த வளையல் விற்கிறவர், டிஎன்ஏ ஸ்பின்னைச் சரிசெய்யும் என்கிறார், வாங்கலாமாம்மா?

வேண்டாம்மா. மேலே சொன்னது ஆய்வகத்தில் தங்கத் தகட்டின் மேல் நடந்தது. உங்கள் டிஎன்ஏவில் சரிசெய்ய வேண்டிய ஸ்பின் எதுவும் இல்லை.

பங்சார், கல்லூரி மாணவர்: இதனால் பயன் உண்டா அக்கா?

தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பதில் உண்டு தம்பி. ஆக்ஸிஜன் மூலக்கூறு அதன் இயல்பு நிலையில் இரண்டு எலக்ட்ரான்களின் ஸ்பின்னை ஒரே பக்கமாக வைத்திருக்கும். நேர்மின்வாயில் கைரல் மூலக்கூறுகளைப் பூசினால் ஸ்பின் ஒரே பக்கம் சேர்ந்து ஆக்ஸிஜன் உருவாக வசதியாகிறது, தேவையில்லாத ஹைட்ரஜன் பெராக்சைடு வெகுவாகக் குறைகிறது.