வேதாகமத்தை வரலாற்றுப் பின்னணியோடு படிக்க எங்கிருந்து தொடங்குவது? அப்படிப் படித்தால் விசுவாசம் குலைந்துவிடாதா?

எங்கே தொடங்குவது என்று கேட்டுவிட்டு, அதே மூச்சில் விசுவாசம் குலைந்துவிடாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஜெபக் குடும்பம் ஒன்றில் வளர்ந்து, வீட்டாருக்குத் தெரியாமல் இதைத் தேடிக்கொண்டிருப்பவர் நீங்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இறையியல் கல்லூரியில் பயின்றவனல்லன். எபிரேயத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்கே அறிவேன். தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றின் ஆலயத்தில் 11 ஆண்டுகள் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியராக இருந்து, பிறகு அதிலிருந்து விலக நேர்ந்தவன் என்பதே இந்தப் பதிலை எழுத எனக்குள்ள ஒரே தகுதி. "விசுவாசத்தை இழந்தவர் மற்றவர்களையும் இழுக்கப் பார்க்கிறார்" என்று கீழே எழுதக் காத்திருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: சென்ற ஞாயிற்றுக்கிழமையும் நான் ஆராதனைக்குப் போனேன், வழக்கமான இடத்தில்தான் உட்கார்ந்தேன்.

இரண்டாம் இராஜாக்கள் 18ஆம் அதிகாரத்தை ஒவ்வோர் ஆண்டும் நடத்துவேன். அசீரியா ராஜாவாகிய சனகெரிப் யூதாவின்மேல் படையெடுத்து வந்து, எசேக்கியா ராஜாவிடம் மூவரை அனுப்புகிற பகுதி அது. வேத வினாடி வினாவில் "எருசலேமுக்கு அனுப்பப்பட்ட மூவரின் பெயர் என்ன?" என்று கேட்பேன். "தர்தான், ரப்சாரீஸ், ரப்சாக்கே" என்று மூச்சுவிடாமல் சொல்லும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் உண்டு. அவை பெயர்களே அல்ல, அசீரிய அரசின் பதவிகள் என்பதை மிகவும் பிந்தித்தான் அறிந்தேன். முதலாவது படைத்தளபதி, இரண்டாவது அரண்மனைப் பிரதானி, மூன்றாவது பானபாத்திரக்காரரின் தலைவன் என்ற உயர்பதவி. நம் ஊருக்குக் கலெக்டர், தாசில்தார், சூப்பிரண்டு என்று மூன்று சகோதரர்கள் வந்திருந்தார்கள் என்று ஒருவன் சொல்வதற்கும் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததற்கும் பெரிய வேறுபாடில்லை.

ஆனால் என்னை உண்மையில் தடுமாற வைத்தவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அதே நிகழ்ச்சி ஏசாயா 36ஆம் அதிகாரத்திலும் கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை வருவதால், இரண்டையும் ஒப்பிட்டு எழுதிவரச் சொல்லியிருந்தேன். அவள் நோட்டைத் திறந்து, "சார், ஏசாயாவில் 14, 15, 16 வசனங்களைக் காணோம்" என்றாள். இராஜாக்களில் அந்த மூன்று வசனங்களில்தான் எசேக்கியா, யூதாவின் பட்டணமாகிய லாகீசிலிருக்கிற அசீரிய ராஜாவுக்கு ஆள் அனுப்பி, "நான் குற்றஞ்செய்தேன்" என்று பணிகிறான். 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கப்பமாகக் கட்டுகிறான். அதற்காக ஆலயக் கதவுகளில் தானே பதித்திருந்த பொன்னையும் பெயர்த்துக் கொடுக்கிறான். ஏசாயாவில் இவை எதுவும் இல்லை; படையெடுப்புச் செய்தியை அடுத்து நேரே ரப்சாக்கே வந்து நிற்கிறான். "முக்கியமில்லாததால் விட்டிருப்பார்கள்" என்று சமாளித்தேன். "300 தாலந்து முக்கியமில்லையா, சார்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். ஒரு தாலந்து ஏறத்தாழ 30 கிலோ என்று அதற்கு முந்தைய வாரம் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நானே.

அதற்குப் பின்புதான் தேடிப் படிக்கத் தொடங்கினேன். இந்தப் படையெடுப்பு நடந்த ஆண்டு கி.மு. 701. இதைப் பற்றி சனகெரிப்பே எழுதிவைத்த பதிவு இருக்கிறது. ஆறு பட்டைகள் கொண்ட சுடுமண் பட்டகத்தில் ஆப்பெழுத்தில் பொறிக்கப்பட்ட அந்தப் பதிவின் பிரதி ஒன்று லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும், மற்றொன்று சிகாகோவிலும் உள்ளன. யூதாவின் 46 அரணான பட்டணங்களைப் பிடித்ததாகவும், எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல எருசலேமுக்குள் அடைத்ததாகவும், 30 தாலந்து பொன்னும் 800 தாலந்து வெள்ளியும் வாங்கியதாகவும் அதில் அவன் பெருமையடிக்கிறான். பொன்னின் கணக்கு இருதரப்பிலும் அப்படியே ஒத்துப்போகிறது. வெள்ளி மட்டும் 300, 800 என்று பிரிந்து நிற்கிறது. எடைமுறை வேறு என்பாரும், வென்றவன் ஊதிப் பெருக்கியிருக்கிறான் என்பாரும் அறிஞர்களில் உண்டு. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறொன்று: எருசலேமைப் பிடித்தேன் என்று மட்டும் அவன் எங்கேயும் சொல்லவில்லை. பிடித்திருந்தால் சொல்லாமல் விட்டிருப்பானா?

லாகீசின் கதை இன்னும் கண்கூடானது. நினிவேயில் அவனுடைய அரண்மனை அறையொன்றின் சுவர்களை மூடியிருந்த கற்சிற்பங்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தோண்டியெடுக்கப்பட்டு, இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மதிலை நோக்கி எழும்பும் முற்றுகைச் சாய்வுமேடு, மதிலின்மேலிருந்து எறியப்படும் தீவட்டிகள், மூட்டைமுடிச்சுகளோடு நாடு கடத்தப்படும் குடும்பங்கள், இவற்றையெல்லாம் சிம்மாசனத்தில் அமர்ந்து பார்க்கும் ராஜா என அத்தனையும் செதுக்கப்பட்டிருக்கின்றன. பட்டகத்தில் லாகீசின் பெயரே இல்லை, சுவரில் இருக்கிறது. ராஜா அப்போது லாகீசிலே இருந்தான் என்று வேதாகமம் போகிறபோக்கில் சொல்கிறது. அந்தச் சாய்வுமேட்டை இஸ்ரேலில் அகழாய்வாளர்கள் மண்ணிலேயே கண்டெடுத்தார்கள். படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மாட்டுவண்டியில் மூட்டைகளின்மேல் உட்கார்ந்து போகிறவர்களிடமிருந்து வெகுநேரம் என் கண்ணை எடுக்க முடியவில்லை. 11 ஆண்டுகளில் லாகீஸ் என்ற ஊரில் மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்று நான் ஒருமுறைகூட நினைத்ததில்லை.

இவற்றையெல்லாம் ஒரு சார்ட் தாளில் இராஜாக்கள், ஏசாயா, நாளாகமம், அசீரியப் பதிவு என்று நான்கு பத்திகளாக எழுதி வகுப்பில் ஒட்டினேன். இரண்டாம் நாளாகமம் 32ஆம் அதிகாரத்திலும் கப்பம் கட்டிய செய்தி இல்லை. எசேக்கியா ஊற்றுகளைத் தூர்த்ததும் மதிலைக் கட்டியதும் ஜனங்களைத் திடப்படுத்தியதும்தான் இருக்கின்றன. இரண்டு வாரத்தில் ஒரு பெற்றோர் புகார் சொல்ல, ஆராதனை முடிந்தபின் என்னை அழைத்து விசாரித்தார்கள். "அந்நிய ராஜாவின் கல்வெட்டைக்கொண்டு வேதத்தைச் சோதிக்கிறீரோ?" என்று ஒரு மூப்பர் கேட்டார். அந்தக் கல்வெட்டு பெரும்பாலும் வேதத்துக்குச் சாதகமாகவே பேசுகிறது என்று சொல்லவந்தேன், முடிக்க விடவில்லை. அச்சடித்த பாடத்தை மட்டும் நடத்தும்படி சொன்னார்கள். நான் விலகிக்கொண்டேன். என்மேலும் தவறு உண்டு. "பைபிள் ஒன்று சொல்கிறது, நடந்தது வேறு" என்று வகுப்பில் அலட்சியமாக ஒரு வாக்கியம் சொல்லிவிட்டேன். வீடுவரை போனது அந்த வாக்கியம் மட்டுமே.

இனி உங்கள் இரண்டாம் கேள்வி. என் விசுவாசம் குலையவில்லை. ஆனால் இருந்த இடத்தில் அப்படியே இருக்கவுமில்லை. மூன்று நூல்களும் ஒரே குரலில் பேசுகின்றன என்ற எண்ணம் போய்விட்டது. நாளாகமத்தை எழுதியவர் பாபிலோன் சிறையிருப்புக்குப் பிந்திய காலத்தவர். ராஜாவும் இல்லாமல், பாரசீக ஆட்சியின்கீழ், திரும்பக் கட்டிய ஆலயத்தைச் சுற்றி வாழ்ந்த ஒரு சிறு சமூகத்துக்காக எழுதியவர், ஆலயக் கதவின் பொன்னை உரித்துக் கொடுத்த எசேக்கியாவை ஏன் காட்டவில்லை என்பதை இப்போது என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. யூதர்களின் வேத வரிசையில் இராஜாக்கள் தீர்க்கதரிசிகளின் பிரிவில் இருக்கிறது. நாளாகமமோ வேறு பிரிவில், வழக்கமாக எல்லாவற்றுக்கும் கடைசியில் வருகிறது. நம் வேதாகமத்தில் இரண்டும் அடுத்தடுத்து அச்சாகியிருப்பதால், நாளாகமத்தை "படித்த கதைதானே" என்று தாண்டிப் போகிறோம். இராஜாக்களின் ஆசிரியரோ தாம் மிகவும் மெச்சுகிற ராஜாவின் அவமானத்தையும் மறைக்காமல் எழுதிவைத்தார். தோற்றதை எழுதிவைத்த அசீரிய ராஜா ஒருவனையாவது யாரேனும் எனக்குக் காட்டட்டும். ஆகவே வெள்ளிக் கணக்கில் 500 தாலந்து இடிப்பதை மட்டும் பிடித்துக்கொண்டு "பைபிளே கட்டுக்கதை" என்று எழுத வருகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை.

எல்லாக் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரே இரவில் 1,85,000 அசீரியர் மடிந்ததாக இரண்டாம் இராஜாக்கள் 19ஆம் அதிகாரம் சொல்வதை எந்த அகழாய்வும் நிரூபிக்கவோ மறுக்கவோ போவதில்லை. சனகெரிப் ஊர் திரும்பியவுடன் கொலையுண்டதுபோல 19ஆம் அதிகாரத்தின் முடிவு வாசிக்கக் கேட்கிறது. அவன் கொல்லப்பட்டதோ 20 ஆண்டுகள் கழித்து, கி.மு. 681இல். சிறிய செய்திகளில்தான் எனக்கு அதிக ருசி. மதிலின்மேல் இருக்கிற ஜனங்கள் கேட்கும்படி யூத பாஷையில் பேசவேண்டாம், சீரிய பாஷையில் பேசும் என்று எசேக்கியாவின் அதிகாரிகள் ரப்சாக்கேயைக் கெஞ்சுகிறார்கள். அந்தச் சீரிய பாஷைதான் அரமேயம். கி.மு. 701இல் எருசலேமின் பாமரனுக்கு அது புரியாது என்று நம்பலாம் போலிருக்கிறது. ஏழு நூற்றாண்டுகள் கழித்து, "தலீத்தாகூமி" என்று இயேசு ஒரு சிறு பெண்ணை எழுப்பியது அதே அரமேயத்தில். எது அதிகாரிகளின் மொழியாக இருந்ததோ அது பிள்ளைகளை எழுப்பும் மொழியாகிவிட்டது.

தமிழில் படிப்பவருக்கு இன்னொரு தொல்லை உண்டு. என் வெகுநாள் ஆதங்கம் இது. புரொட்டஸ்டன்ட் சபைகளில் வழங்கும் பழைய திருப்புதல் வேதாகமத்தில் ஆதியாகமம் என்றிருப்பது, கத்தோலிக்கரும் புரொட்டஸ்டன்டாரும் சேர்ந்து மொழிபெயர்த்து 1995இல் வந்த திருவிவிலியத்தில் தொடக்க நூல். நாளாகமம் அங்கே குறிப்பேடு. உபாகமம் அங்கே இணைச் சட்டம். பொது மொழிபெயர்ப்பு என்று பெயர், ஆனாலும் அவரவர் வீட்டில் அவரவர் புத்தகம்தான். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க நண்பரும் நானும் ஒரே அதிகாரத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று கண்டுபிடிக்கவே எங்களுக்குப் பத்து நிமிடமாயிற்று.

ஆகையால் ஆதியாகமம் முதல் அதிகாரத்திலிருந்து தொடங்காதீர்கள்; படைப்பைப் பற்றிய சண்டையிலேயே வருடம் ஓடிவிடும். தேதி தெரிந்த, எதிராளியின் பதிவும் கிடைக்கிற ஓரிடத்திலிருந்து தொடங்குங்கள். உங்கள் வீட்டில் இருப்பது பழைய திருப்புதலானால் 2 இராஜாக்கள் 18:13 முதல் 19:37 வரை. திருவிவிலியமானால் 2 அரசர்கள் நூலில் அதே எண்கள். பக்கத்தில் ஏசாயா 36, 37 ஆகிய அதிகாரங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, வேறுபடும் இடங்களைப் பென்சிலால் குறித்துவாருங்கள். விளக்கவுரைகளை அதற்குப் பிறகு எடுத்தால் போதும். அந்த 14, 15, 16 வசனங்களுக்கு எதிரே ஏசாயாவில் ஒன்றும் இருக்காது. அந்த இடத்தை வெற்றாகவே விட்டுவையுங்கள்.